டேப்பண்ணனுக்கு என்ன சைஸ்?

உலகத்திலுள்ள பொருள்களை டேப்பண்ணன் இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: பெட்டிக்குள் போனவை, இன்னும் போகாதவை.

அட்டைப்பெட்டி செய்யும் பட்டறையில் அவருக்கு அளவெடுக்கும் வேலை. சட்டைப்பையில் எப்போதும் ஓர் இரும்பு டேப் கிடக்கும். அதன் கனத்தில் பை ஒரு பக்கமாகத் தொங்கும். பையோடு சேர்ந்து அவரும் ஒரு பக்கம் சாய்ந்தவர் போலவே தெரிவார். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடும் அம்மாளே அதை மறந்துபோய், ஒருநாள் தாளில் ‘டேப்’ என்று எழுதிவிட்டுப் பிறகு அடித்துத் திருத்தினார் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்.

தொழிலில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு பல் டாக்டர் தம்முடைய சாய்வு நாற்காலியை வேறு ஊருக்கு அனுப்பவேண்டும் என்று வந்து நின்றார். கைப்பிடி ஒரு பக்கம், கால்பலகை ஒரு பக்கம், விளக்குக் கொம்பு ஒரு பக்கம் என்று அது நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருந்தது. டேப்பண்ணன் அதை ஒருமுறை சுற்றிவந்தார். நாக்கைத் தட்டினார். நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்களைச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பெட்டி வந்தது, நாற்காலி உள்ளே போனது. பெட்டியோடு பிறந்த நாற்காலி மாதிரி அசையாமல் உட்கார்ந்துகொண்டது. பல் டாக்டரே வாயைப் பிளந்தார்.

இப்பேர்ப்பட்ட மனிதர், தாம் எந்த அளவுச் சட்டைக்குள் போவோம் என்பதை மட்டும் ஐம்பது வயது தாண்டியும் யோசித்ததில்லை. சட்டைகள் அவருக்கு மழை மாதிரி. அவை வந்தன, இவர் நனைந்தார், அவ்வளவுதான். மனைவி வாங்கிவந்த சட்டைகளின் கழுத்துப்பட்டியில் நாற்பது என்று இருக்கும். மனைவியின் அண்ணன், அதாவது மச்சான், ‘ரெண்டு தடவதான் போட்டேன் மாப்ள’ என்று தள்ளிவிட்ட சட்டைகளில் ஐம்பத்துநான்கு என்று இருக்கும். பட்டறையில் வருஷத்துக்கு ஒன்று கொடுக்கும் பனியனில் எல் என்று இருக்கும். மகள் தன் முதல் சம்பளத்தில் எடுத்துக்கொடுத்த ஸ்லிம் ஃபிட் சட்டையில் எம் என்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு ஒரு விசேஷத்துக்குப் போனவர் யாரைக் கண்டும் கையைத் தூக்கிக் கும்பிட முடியாமல் நின்றார். ‘பொண்ணு சம்பாதிக்க ஆரம்பிச்சதும் மனுஷனுக்குத் திமிரப் பாத்தியா’ என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள்.

இப்படியே காலம் ஓடியிருக்கும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதில்தான் வினை வந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்கிற கல்யாணம். முடிந்த கையோடு அவளும் மாப்பிள்ளையும் வேலை பார்க்கும் தூரத்து ஊருக்குப் போய்விடுவார்கள். கொண்டுபோவதற்காகப் பழைய போட்டோக்களைத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“அப்பா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?”

“சொல்லு.”

“ஒரு போட்டோலகூட நீங்க இல்லப்பா.”

டேப்பண்ணன் குனிந்து பார்த்தார். எல்லாவற்றிலும் இருந்தார். “இதோ நிக்கிறேனே. இதுலயும் இருக்கேன். இது யாரு, உங்க மாமாவா?”

“சட்ட மாமாவோடது. உள்ள இருக்கிறது நீங்க. பாருங்க, விரல் நுனி மட்டும் தெரியுது. இதுல அம்மா வாங்குன சட்ட, பட்டனெல்லாம் இப்பவோ அப்பவோன்னு நிக்குது. எல்லாத்துலயும் யாரோட சட்டைக்குள்ளயோ ஒளிஞ்சிக்கிட்டு எட்டிப் பாக்குற மாதிரியே இருக்கீங்க.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “அந்த ஊர்ல சுவத்துல மாட்டுறதுக்கு எனக்கு ஒரே ஒரு போட்டோ வேணும்பா. என் கல்யாணத்தன்னைக்கு மட்டும் உங்க அளவுல ஒரு சட்ட போட்டுட்டு வாங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“இவ்வளவுதானா! போட்டுட்டாப் போச்சு” என்றார் டேப்பண்ணன்.

“உங்க சைஸ் என்னப்பா?”

டேப்பண்ணன் வாயைத் திறந்தார். பல் டாக்டரின் நாற்காலிக்கு மூன்று எண் சொன்ன வாய் அது. இப்போது ஒன்றுகூட வரவில்லை.

“நாப்பது” என்றாள் மனைவி அடுப்படியிலிருந்து. “கல்யாணத்தப்போ நாப்பது.”

“அது நம்ம கல்யாணம்டி.”

“அப்புறம் யாரு உங்கள மாறச் சொன்னது?”

மறுநாள் மாலை ரெடிமேட் கடைக்குப் போனார்கள். விற்பனையாளர் கழுத்தில் மாலைபோல் ஒரு துணி டேப்பைப் போட்டிருந்தார். சக தொழிலாளி என்ற மரியாதையோடு டேப்பண்ணன் அவரைப் பார்த்தார்.

“என்ன சைஸ் சார்?”

“அதக் கேக்கத்தான் வந்தேன்.”

விற்பனையாளர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு நாற்பதை நீட்டினார். தோள் கச்சிதம், வயிற்றில் மூன்றாவது பட்டன் நாலாவது பட்டனைப் பார்க்கமாட்டேன் என்றது. நாற்பத்திரண்டு வந்தது. மூன்றாவதும் நாலாவதும் சமாதானமாயின, ஐந்தாவது முறைத்துக்கொண்டது. நாற்பத்தாறு வந்தது. வயிறு வீடு வந்து சேர்ந்ததுபோல் நிம்மதியானது. ஆனால் தோள்பட்டையின் தையல் பாதிக் கைக்கு இறங்கிவிட்டது. உடை மாற்றும் அறை ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். உள்ளே முழங்கை இடிக்க, திரைக்கு அடியில் கால் தெரிய, டேப்பண்ணன் நுழைந்து நுழைந்து வெளியே வந்தார். வரும்போதெல்லாம் மனைவி, “இது கொஞ்சம் பரவால்ல” என்றாள். முந்தைய சட்டைக்கும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

விற்பனையாளர் கடைசியில் டாக்டர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு விஷயத்தை உடைத்தார். “சார், உங்க தோளு நாப்பது கேக்குது. கை நாப்பத்திரெண்டு கேக்குது. வயிறு நாப்பத்தாறு கேக்குது.”

“அதுங்க கேக்குறது இருக்கட்டும். எனக்கு எது?”

“பொதுவா பாத்தா, இந்தக் கம்பெனியில எக்ஸ்எல் சார். அந்தக் கம்பெனின்னா எல். மூலையில தொங்குது பாருங்க, அதுல டபுள் எக்ஸ்எல்.”

“உடம்பு ஒண்ணுதானேப்பா?”

“உடம்பு ஒண்ணுதான் சார். கம்பெனி வேற வேற.”

டேப்பண்ணனுக்குத் தலை கிறுகிறுத்தது. பட்டறையில் ஆளுக்கொரு அங்குலம் வைத்துக்கொண்டு பெட்டி அடித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தார். மூடி ஒரு ஊரிலும் அடி ஒரு ஊரிலும் அல்லவா போய்ச் சேரும்! தோளுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று என்று மூன்று பேர் ஒரே சட்டைக்காகத் தமக்குள் வழக்காடுவதாகவும், தாம் நடுவே பேந்தப் பேந்த விழிப்பதாகவும் அவருக்குத் தோன்றியது. ஒன்றும் வாங்காமல் படியிறங்கினார்.

“டெய்லர்கிட்ட குடுத்துடலாமா?” என்றாள் மனைவி.

“உங்க அண்ணன் கல்யாணத்துக்குக் குடுத்தது நினைவிருக்கா? அவன் கொண்டுவந்து குடுக்கும்போது உங்க அண்ணனுக்கு ரெண்டாவது குழந்த பொறந்திருந்துச்சு.”

அன்று பேருந்தில்தான் அவருக்கு அந்த யோசனை உதித்தது. கடைக்காரனை ஏன் நம்பவேண்டும்? இத்தனை வருஷம் எதை வைத்துப் பிழைத்தோமோ அதை வைத்தே பார்த்துவிட்டால்? வீடு வந்ததும் சட்டையைக் கழற்றினார், இரும்பு டேப்பை எடுத்தார், சுவரோரமாகப் போய் முதுகை ஒட்டி நின்றார்.

“அந்தக் காய் நறுக்குற பலகைய எடுத்துட்டு வா. வயித்துல வெச்சு நேரா பிடி. அழுத்தாத.”

“என்னங்க பண்றீங்க?”

“உருண்டச் சாமான இப்படித்தான் அளக்கணும். சுவத்துலேர்ந்து பலகைக்கு எவ்வளவு?”

பதினோரு அங்குலம். அடுத்துக் கதவிடுக்கில் பக்கவாட்டாக நின்று அகலம் பார்த்தார்: பதினாறரை. மிச்சமெல்லாம் அவருக்குத் தூக்கத்திலும் வரும் கணக்கு. இரண்டையும் கூட்டி இரட்டித்தால் ஐம்பத்தைந்து. ஓரத்தை ஒட்டுவதற்கு ஒன்றரை. சாமான் இடிபடாமலிருக்க உள்ளே அடைப்புக்கு இன்னொரு ஒன்றரை. ஆக, ஐம்பத்தெட்டு.

பெட்டிக்கு நாலு மூலை உண்டு, மனிதனுக்கு இல்லை என்பது அந்த வீட்டில் அப்போது யாருக்கும் தோன்றவில்லை. மனைவிக்குப் பலகையை நேராகப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. மகள் சிநேகிதிகளைக் கல்யாணத்துக்கு அழைக்கப் போயிருந்தாள். டேப்பண்ணனோ, கணக்கு ஒரு சிக்கலும் இல்லாமல் முடிந்துவிட்ட திருப்தியில் இருந்தார். மகள் போனில் இறக்கிக் கொடுத்திருந்த ஆன்லைன் கடையின் சட்டைப் பட்டியலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். எம் இல்லை, எல் இல்லை. எக்ஸ்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போய் பட்டியலின் கடைசி வரியில் ஐம்பத்தெட்டு இருந்தது. ‘நம்ம அளவுக்கு ஆள் கம்மி போல’ என்று பெருமிதத்தோடு அதைத் தொட்டார். இளநீலம், முழுக்கை.

பார்சல் வந்தபோது கல்யாணத்துக்கு இரண்டு நாள்தான் மிச்சம். டேப்பண்ணன் முதலில் பார்சல் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அளவு தெரியாத பசங்க. ஒரு சட்டைக்கு இவ்வளவு பெரிய பெட்டியா?” என்று கடிந்துகொண்டு பிரித்தார். பெட்டியின் அளவு சரிதான் என்பது சட்டையை உதறியபோது தெரிந்தது. உதறினார், விரிந்தது. இன்னும் உதறினார், இன்னும் விரிந்தது.

மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். “அளக்கும்போது என்னையும் சேத்து அளந்துட்டீங்களா?”

போட்டுப் பார்த்தார். கண்ணாடியில் ஓர் இளநீலக் கூடாரம் நின்றது. கூடாரத்தின் உச்சியில் ஒரு தலை, அதில் குழம்பிய இரண்டு கண்கள். மகள் அறை வாசலில் வந்து நின்றாள். சிரிப்பாள் என்று டேப்பண்ணன் எதிர்பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. “பரவால்லப்பா, விடுங்க. பழசுலயே நல்லதா ஒண்ணு போட்டுக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு. எங்கே தப்பு நடந்தது? கூட்டலைத் திரும்பக் கூட்டினார். ஐம்பத்தெட்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தார். கதவு நிலைக்கும் அவருக்கும் இடையே காற்றுப் புக இடமிருக்காது. சட்டையைப் பார்த்தார், சும்மா மாட்டிப் பார்ப்போம் என்று மாட்டினார். பட்டனைப் போட்டார். எல்லாப் பட்டனும் போட்டாயிற்று. கையைத் தூக்கினார், இறக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு.

“மாப்ள, எங்கயும் பிடிக்கலியே! இத்தன வருஷத்துல நெஞ்சுல இடிக்காத சட்ட இதான் முதல் தடவ. எனக்கே தெரியாத என் அளவு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

டேப்பண்ணனுக்கு அப்போதுதான் ஒன்று விளங்கியது. ‘ரெண்டு தடவதான் போட்டேன்’ என்று மச்சான் தள்ளிவிட்ட சட்டைகள் பெருந்தன்மையால் வந்தவை அல்ல. மூச்சு முட்டியதால் வந்தவை. தமக்குப் பெரிதாக இருந்தவை அத்தனையும் அவருக்குச் சின்னதாக இருந்திருக்கின்றன.

“உங்களுக்காகத்தான் வாங்குனேன் மச்சான், வெச்சுக்குங்க” என்றார். வேறென்ன சொல்வது?

மச்சான் போனதும் மனைவி, “கிளம்புங்க” என்றாள். “அந்தக் கடைக்கே போவோம். வயித்துக்குச் சரியா இருந்துச்சுல்ல, அந்த நாப்பத்தாற வாங்குவோம். மாடிப்படிக்குக் கீழ ஒரு பொண்ணு மெஷின் போட்டு ஆல்ட்டர் பண்ணிட்டு இருந்துச்சு. தோள வெட்டச் சொல்லுவோம்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“அப்பவே நீங்க ஏன் கேக்கல?”

ஆல்ட்டர் செய்யும் பெண் வாயில் குண்டூசியோடு இருந்தாள். நாற்பத்தாறை அவருக்கு மாட்டிவிட்டு, தோளில் இரண்டு ஊசி, கையில் இரண்டு ஊசி என்று சரசரவென்று குத்தினாள். பிறகு துணி டேப்பை வயிற்றைச் சுற்றிப் போட்டாள். இரும்பு டேப் போல விறைக்காமல் அது உடம்போடு ஒட்டிக்கொண்டு வளைந்தபோது டேப்பண்ணன் லேசாகத் திடுக்கிட்டார். ‘அடடா, வளையுது!’ என்று மனசுக்குள் ஏதோ ஒரு மூலை மடங்கிய சத்தம் கேட்டது.

“மூச்ச விடுங்கண்ணே.”

“விட்டுட்டுதானே இருக்கேன்.”

“இல்ல, பிடிச்சிட்டு இருக்கீங்க. டேப்பக் கண்டாலே ஆம்பளைங்க எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்குவாங்க. இப்ப நாப்பத்திரெண்டு இருக்கு. விடுங்க.”

விட்டார்.

“நாப்பத்திநாலு. உக்காருங்க.” உட்கார்ந்தார். “நாப்பத்தஞ்சுக்கும் மேல போகுது. எதுக்குப் பிடிக்கட்டும்?”

டேப்பண்ணன் திகைத்துப்போனார். எத்தனையோ சாமான்களை அளந்திருக்கிறார். குளிர்பெட்டி, தையல் மெஷின், மீன்தொட்டி. அவற்றில் ஒன்றாவது அளந்துகொண்டிருக்கும்போதே அளவு மாறியதுண்டா? ஒன்றாவது மூச்சு விட்டதுண்டா?

“சட்ட எதுக்குண்ணே?” என்றாள் அந்தப் பெண்.

“போட்டோவுக்கு.”

“போட்டோவுல மூச்சு விடுவீங்களா?”

நியாயமான கேள்வி. டேப்பண்ணன் யோசித்தார். “விடமாட்டேன்” என்றார்.

“விடுவாரு” என்றாள் மனைவி.

“ஒரு நிமிஷம்தானே, பிடிச்சுக்கலாம்.”

“பொண்ணு வாழ்நாள் பூரா மாட்டி வெச்சிருக்கப்போறா. அதுவரைக்கும் பிடிச்சிட்டு நிப்பீங்களா? விட்டதுக்கே பிடிம்மா.”

விட்ட மூச்சுக்கே தைத்தாயிற்று.

கல்யாணத்தன்று பதிவு அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரத்தில், சுவரோரப் பெஞ்சுகளுக்கு நடுவே எல்லோரும் நின்றார்கள். மச்சான் இளநீலத்தில் திருவிழாத் தேர்போல் மலர்ந்து நின்றார். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர்தான் போட்டோ எடுப்பவர். “அப்பா, கொஞ்சம் நிமிந்து நில்லுங்க” என்றார்.

அந்த நேரம்வரை சட்டை உடம்போடு கச்சிதமாகப் பொருந்தி இருந்தது. கேமரா மேலே எழுந்ததும் டேப்பண்ணனின் வயிறு தானாக உள்ளே போனது. நெஞ்சு தூக்கியது, சட்டை கீழே தொளதொளவென்று தொங்கியது. எடுத்ததைக் காட்டினார்கள். அதே பழைய ஆள், யார் சட்டைக்குள்ளிருந்தோ எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் இந்தத் தடவை சட்டை அவருடையது!

“மூச்ச விடுங்க” என்று மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“விட்டுட்டேன்.”

“விடல.”

“விட்டுட்டேன்டி!”

கொஞ்சம் தள்ளி நின்ற மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கடைசி இரண்டு வார்த்தைதான் கேட்டிருக்கவேண்டும். அருகில் வந்து, “கஷ்டமாத்தான் இருக்கும் சம்பந்தி. ஒரே பொண்ணு. நாங்க நல்லா பாத்துக்குவோம்” என்று ஆறுதல் சொன்னார். டேப்பண்ணன் தலையாட்டினார். எதற்கு ஆட்டினோம் என்று அவருக்கே தெரியவில்லை. அடுத்தடுத்து எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் விடவேண்டும் என்று நினைத்து நினைத்தே இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார். முகம் சிவந்ததுதான் மிச்சம்.

மகள் எல்லாப் படத்தையும் பார்த்தாள். கேமராவைத் திருப்பிக் கொடுத்தாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

பதிவாளரின் மேஜை. மகள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். சாட்சியாக அடுத்துப் போடவேண்டியவர் என்பதால் டேப்பண்ணன் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றார். பேனாவைப் பிடித்ததும் அவள் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்த்தது. ஒண்ணாங்கிளாஸில் எழுத்துக் கூட்டி எழுதும்போதும் அப்படித்தான் எட்டிப் பார்க்கும். டேப்பண்ணன் சட்டையை மறந்தார். கேமராவை மறந்தார். எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஒரு நீண்ட மூச்சு அவரைவிட்டு இறங்கியது. எங்கோ ‘க்ளிக்’ என்றது. அவர் கவனிக்கவில்லை; தமக்கு நீட்டப்பட்ட பேனாவை வாங்கி, பெற்றோர் வைத்த பெயரைக் கொஞ்சம் தடுமாறியே எழுதினார்.

மகள் போய்ச் சேர்ந்த சில நாளில் வீடியோ கால் வந்தது. போனைத் திருப்பிப் புதுவீட்டுச் சுவரைக் காட்டினாள். அவள் குனிந்து எழுதுகிறாள், பக்கத்தில் அவர். தோளின் தையல் தோளில் இருந்தது. பட்டன்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக நின்றன. வயிறு, வயிறு இருக்கவேண்டிய இடத்தில், ஒளியாமல் இருந்தது. ஆனால் அவரும் குனிந்திருந்ததால் நெற்றியும் பாதி மூக்கும் மட்டுமே தெரிந்தன.

“மூஞ்சியே தெரியலையேம்மா!”

“மூஞ்சி மத்த எல்லாத்துலயும் இருக்குப்பா. ஆளு இதுலதான் இருக்கு.”

அவள் சொன்னது புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. நல்லபடியாகத்தான் சொல்கிறாள் என்பது மட்டும் குரலில் தெரிந்தது. அழைப்பு முடிந்ததும் அந்தச் சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டியைத் திருப்பிப் பார்த்தார். நாற்பத்தாறு என்றுதான் போட்டிருந்தது. அது நாற்பத்தாறு இல்லை என்பது அவருக்கும் அந்தத் தையல்காரப் பெண்ணுக்கும் தெரியும். பின்னே எத்தனை?

மறுபடியும் போன் அடித்தது. மச்சான். பேச்சில் பாசம் பொங்கி வழிந்தது.

“மாப்ள, கடையில நிக்கிறேன். நீங்க வாங்கிக் குடுத்ததுக்குப் பதிலா உங்களுக்கு ஒண்ணு எடுக்கணும்னு மனசு அடிச்சிக்குது. இனிமே என் பழசு கிடையாது, புதுசுதான். உங்க சைஸ் என்ன?”

டேப்பண்ணன் சட்டையைப் பார்த்தார். வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஒருமுறை மூச்சை இழுத்தார், ஒருமுறை விட்டார்.

“மச்சான், பிடிச்சுக்கிட்டுச் சொல்லவா, விட்டுட்டுச் சொல்லவா?”